பசலைக்கீரை மெமரியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையும்

மேங் தொக்சு என் நண்பன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவனைத் திட்டுவதைப் படித்துவிட்டு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இருவரும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள், அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி 'டேய்' போட்டுப் பேச உரிமை உண்டு. சொங்ஜு நகரில், பல்கலைக்கழகத்தின் பின்வாசல் தெருவில் கீழே என் சலவைக்கடை, மாடியில் அவனுடைய பிசி பாங். நாற்பது கம்ப்யூட்டர்கள். மாணவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து விளையாடுவார்கள். பசித்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ராம்யோன் நூடுல்ஸ் கேட்பார்கள். அதைக் கொதிக்கவைத்து முட்டை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்து வைப்பவள் அவன் மனைவி ஹேரான். கடையைத் தாங்கி நிற்பது அந்த அடுப்புதான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், தொக்சுவைத் தவிர. அவனைக் கேட்டால் மெமரிதான் கடையைக் காப்பாற்றுகிறது என்பான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தொக்சுவுக்கு மெமரி இருந்தது.

மெமரி என்றால் கம்ப்யூட்டருக்குள் செருகுகிற நினைவக அட்டை. அதிலும் பளபளப்பும் விளக்கும் வைத்து விற்கிற சாமான் இல்லை. மொட்டையான பச்சை அட்டை, அதன்மேல் கறுப்புச் சில்லுகள், அவ்வளவுதான். பச்சையாக, தட்டையாக இருப்பதால் எங்கள் நாட்டில் எல்லோரும் அதைப் பசலைக்கீரை என்றே சொல்வார்கள். விலை குறைவு. ஆனால் தட்டிக்கொடுத்தால் ஓடும். கம்பெனி போட்ட எண்களை மாற்றி, கொஞ்சம் மின்சாரத்தைக் கூட்டி, காத்திருக்கும் எண்ணைக் குறைத்தால் விலை உயர்ந்த சரக்கோடு மல்லுக்கட்டும். இணையத்தில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 'தேசிய அளவு' என்று சில எண்களை முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். எந்தக் கீரையாக இருந்தாலும் அந்த அளவைத் தாங்கும் என்பது நம்பிக்கை. நாடே அந்த அளவில் நிம்மதியாக இருந்தது. தொக்சுவுக்கு மட்டும் போதவில்லை.

எல்லாம் எதிர்ச்சாரியில் பேக் முதலாளி கடை திறந்தபோது ஆரம்பித்தது. பேக், வாசலில் பெரிய பதாகை கட்டினார்: 'எங்கள் மெமரி வேகம் 3600.' தொக்சு அதைப் பார்த்துவிட்டு என் கடைக்குள் வந்து, இஸ்திரி மேசையைக் குத்தினான்.

"இது மோசடிடா!"

"ஏன், மூவாயிரத்து அறுநூறு இல்லையா?"

"இருக்கு. ஆனா பாதிதான் சொல்லியிருக்கான். வேகம்ங்கிறது ஒரு வினாடிக்கு எத்தன தடவ சரக்கு வந்து எறங்குதுங்கிறது. தாமதம் வேற. கேட்டதுலேர்ந்து மொதல் சரக்கு வர்ற வரைக்கும் எத்தன துடிப்பு காத்துக் கெடக்கணும்ங்கிறது. அவனுது பதினெட்டு துடிப்பு. அத பதாகையில போட்டானா? நம்மது மூவாயிரத்து இருநூறு, ஆனா பதினாறே துடிப்பு."

"அப்ப நீதான் சீக்கிரம்."

"அங்கதான்டா சூட்சுமம். வேகம் கூடக்கூட துடிப்பு சின்னதாயிரும். அவனுது சின்னத் துடிப்பு, பதினெட்டு. நம்மது கொஞ்சம் பெரிய துடிப்பு, பதினாறு. பெருக்கிப் பாரு. ரெண்டு பேருக்கும் காத்திருப்பு ஒண்ணேதான்!"

"அப்ப ரெண்டு கடையும் ஒண்ணு."

"காத்திருப்புல ஒண்ணு. ஆனா வர ஆரம்பிச்சப்புறம் அவனுக்கு நெறய வரும்."

"அப்ப அவன் கடைதான் ஒசத்தின்னு சொல்லு."

அதன்பிறகு கொஞ்ச நாள் அவன் என்னோடு பேசவில்லை. பேசாத நாட்களில் மாடியில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தான். பேக்கின் வேகத்தையும் எடுத்துக்கொண்டு, தன் பதினாறையும் விடாமல், இரண்டையும் ஒரே கீரைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

கீரைகளில் ஒவ்வொன்றும் ஒரு குணம். சில என்ன கேட்டாலும் தாங்கும். அவற்றைத் தேன் என்பார்கள். சில ஒரு எண்ணைக் குறைத்தாலே படுத்துவிடும். எது எது என்று கண்டுபிடிக்க மணிக்கணக்கில் சோதனை ஓட்ட வேண்டும். அதுவரை அந்த நாற்காலியில் வாடிக்கையாளர் உட்கார முடியாது.

"காசு குடுக்கிறவன் நிக்கிறான், கம்ப்யூட்டரு பரீட்ச எழுதுது" என்பாள் ஹேரான்.

அதனால் பாதிப் பரீட்சையிலேயே எல்லாவற்றையும் பாஸ் போட்டுவிடுவான். காலையில் ஆள் இல்லாதபோது நன்றாகத்தான் ஓடும். சாயங்காலம் நாற்பது பேரும் நாற்பது இயந்திரங்களும் சேர்ந்து அறை சூடாகும்போது, சூடு தாங்காத மெமரி பிழை விடும். விளையாட்டின் நடுவில் திரை நீலமாகிவிடும். பையன் எழுந்து நின்று கத்துவான், அவன் குழுவே தோற்றிருக்கும். ஹேரான் ஓடிவந்து கிம்சி ஊறுகாய் போட்டு வறுத்த சோற்றை இலவசமாக வைத்து அவன் வாயை அடைப்பாள். இவன் எண் குறைக்கக் குறைக்க அவள் அரிசி குறைந்தது.

இத்தனைக்கும் என்ன லாபம் என்று ஒருநாள் கேட்டேன். துப்பாக்கி சுடுகிற விளையாட்டில் வினாடிக்கு இருநூறு படம் ஓடிய இடத்தில் இப்போது இருநூற்றுப் பதினைந்து ஓடுகிறதாம். அதைவிட முக்கியம், நடுநடுவே வருகிற சின்னத் திக்கல் குறைந்துவிட்டதாம். என்னைப் பழைய அளவில் ஒரு மெஷினிலும் புது அளவில் இன்னொன்றிலும் உட்காரவைத்து, வித்தியாசம் சொல் என்றான். இரண்டிலும் நான் ஒரே வேகத்தில் செத்தேன்.

"உனக்குக் கண்ணே இல்லடா" என்றான்.

கறுப்புக் கால்சட்டையில் சோயா சாற்றுக் கறையைக் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. அதைச் சொன்னேன். அவன் காதில் விழவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஹேரான் வாய் திறந்து ஒன்று கேட்டாள். அவள் எதையும் கேட்கிற ஆளே இல்லை. வருடக் கடைசியில் தேஜோன் நகரில் பாடகன் யூன் ஹாராமின் துரோட் கச்சேரி, எங்கள் நாட்டுப் பழைய பாணி மெல்லிசை. ஹாராமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் வயதுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிக்கெட் திறந்த கணத்திலேயே தீர்ந்துவிடும். பெற்றோருக்கு எடுத்துக்கொடுப்பதற்காகப் பிள்ளைகள் நல்ல கம்ப்யூட்டர் தேடி பிசி பாங்குக்கு வந்து உட்காருவார்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களுக்கு டிக்கெட் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் ராம்யோன் வைத்திருக்கிறாள்.

நான் அப்போது அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கரண்டியோடு வெளியே வந்து, திரையில் முகத்தைப் புதைத்திருந்த கணவனின் பின்னால் நின்றாள்.

"என்னங்க, ஹாராம் கச்சேரிக்கு ரெண்டு டிக்கெட்டு வேணும். பக்கத்துல பக்கத்துல. நீங்களும் நானும்."

"ம்."

"இந்தத் தடவ கெடைக்கலன்னா பாத்துக்கங்க. அடுப்ப அணைச்சிட்டு புசானுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்ப வரமாட்டேன்."

இப்போதுதான் அவன் திரும்பினான். முகம் மலர்ந்திருந்தது. "டிக்கெட்டா? அது முழுக்க காத்திருப்பு சம்பந்தப்பட்ட விஷயம்டி. என் தொழிலே அதான்!"

'நீங்களும் நானும்' என்றது அவன் காதில் விழவே இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் புருஷன் பெண்டாட்டி நடுவில் நான் எதற்கு? சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஏழாம் எண் இருக்கையின் மெமரி சுத்தத் தேன். அதைத்தான் இந்தப் போருக்குத் தேர்ந்தெடுத்தான். பதினாறைப் பதினைந்தாக்கினான், பதினான்காக்கினான். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"டேய், நீ மிச்சம் பிடிக்கிறது எவ்வளவு?"

"ஒரு வினாடிய நூறு கோடியா அறுத்தா, அதுல ரெண்டு துண்டு."

"டிக்கெட் விக்கிற கம்ப்யூட்டரு சியோல்ல இருக்கு. நீ அழுத்துனது அங்க போய்த் திரும்பி வர்றதுக்கு எத்தன துண்டு?"

"பல லட்சம்."

"அப்புறம் என்னடா?"

"சியோல் என் கைல இல்ல. மெமரி என் கைல இருக்கு."

நான் இஸ்திரிக்குத் திரும்பிப் போனேன்.

டிக்கெட் நாளன்று சாயங்காலம் எட்டு மணிக்கு விற்பனை. நவம்பர் குளிர். ஏழாம் எண் சூடாகிவிடக் கூடாதென்று ஆறு மணிக்கே எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டான். போதாதென்று குளிர்சாதனத்தையும் உச்சத்தில் வைத்தான். அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று உத்தரவு. ஹேரான் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தாள். தனக்காக ஒரு மனுஷன் இத்தனை பைத்தியக்காரத்தனம் செய்கிறான் என்பதில் அவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

மாணவர்கள் நடுங்கினார்கள். "முதலாளி, வெரல் விறைச்சிருச்சு!" என்று ஒருவன். "சித்தி, சுடுதண்ணியாவது குடுங்க" என்று ஒருத்தி. எழுந்து போய்விட்டால் பேக் கடைக்குப் போய்விடுவார்களே என்று தொக்சு கீழே ஓடி வந்தான். நான் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாடிக்கையாளர்கள் துவைக்கப் போட்டிருந்த கம்பளிப் போர்வைகளை அள்ளிக்கொண்டு மேலே ஓடினான். பின்னாலேயே ஓடினேன். மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகப் போகவேண்டிய இளஞ்சிவப்புப் பட்டுப் போர்வைக்குள் ஒரு தாடிக்காரப் பையன் உட்கார்ந்து கோலா குடித்துக்கொண்டிருந்தான்.

"சிந்துனே, ஒன்னயும் சேத்து துவச்சிருவேன்!" என்றேன்.

எட்டடிக்கக் கொஞ்ச நேரம் இருந்தது. ஹேரான் ஏழாம் எண்ணில் உட்கார்ந்தாள். கணக்கு அவள் பெயரில். யார் அழுத்தினால் என்ன, வேலை செய்யப்போவது மெமரிதானே என்பது தொக்சுவின் கருத்து. விளையாட்டை விட்டுவிட்டு எல்லோரும் போர்வையோடு வந்து சுற்றி நின்றார்கள். எட்டு. அழுத்தினாள்.

நீலத் திரை வரவில்லை. மெமரி மலை மாதிரி நின்றது. வரிசையில் அவளுக்கு முன்னால் சில நூறு பேர்தான். அறையே கத்தியது. தொக்சு என்னைக் கட்டிப்பிடித்தான். இருக்கைப் படம் திறந்தது.

ஹேரான் படிக்கிற கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டாள்.

"ஏண்ணே," என்னைத்தான் கேட்டாள், "ஹாராம் எந்தப் பக்கம் நின்னு பாடுவான்?"

"எதயாவது அழுத்து!" என்று தொக்சு அலறினான்.

சந்தையில் முட்டைக்கோஸ் பொறுக்குகிற மாதிரி அவள் பொறுக்கினாள். ஒரு ஜோடியை அழுத்தினாள். 'வேறொருவர் தேர்ந்தெடுத்துவிட்டார்' என்று வந்தது. இன்னொரு ஜோடி. அதே பதில். படத்தில் நிறங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. நூறு கோடியில் இரண்டு துண்டு மிச்சம் பிடித்தவன், தன் மனைவி அரை நிமிடம் யோசிப்பதைப் பார்த்துத் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டான்.

"அந்தா! ஒத்த சீட்டு! நடுவுல, மேடைகிட்ட! அழுத்துடி!"

"ரெண்டு இல்லயே."

"ஒனக்கு ஒண்ணு போதும்ல!"

அவள் கை மவுஸிலிருந்து விலகியது. "எனக்கா?" என்றாள். "ஒத்தையா போறதுன்னா போன வருஷமே பக்கத்து வீட்டு யோன்ஜா கூப்பிட்டப்ப போயிருப்பேனே. ரெண்டு பேரும் போலாம்னுதான கேட்டேன்?"

"கடைய யாரு பாத்துப்பா?"

அந்தப் பதிலுக்கு ஒரு துடிப்புகூடத் தாமதம் இல்லை. யோசிக்காமலே வந்தது. அந்த ஒற்றை இருக்கையும் அணைந்தது. அவள் ஜன்னலை மூடினாள், திரையில் இருந்ததை. பிறகு எழுந்து, "நெசச் சன்னலையும் சாத்துங்க, பிள்ளைங்க நடுங்குதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் ராம்யோன் வந்தது. யாரும் சத்தமாக உறிஞ்சவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தொக்சு என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"புசானுக்குப் போகலடா. அடுப்பயும் அணைக்கல. திட்டக்கூட இல்ல."

"அதான்டா பயப்பட வேண்டிய விஷயம்."

"நான் என்ன தப்பு பண்ணேன்? மெமரி நின்னுச்சே. ஒரு பிழை விடல. நீயும் பாத்தல்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீராவி இஸ்திரியை டங்கென்று வைத்தேன். "மடையா! அவ கேட்டது டிக்கெட்டாடா? ஒன்னயடா கேட்டா! டிக்கெட்டு ஒரு சாக்கு. நாள் பூரா ஒரே கூரைக்குள்ள இருக்கீங்க, அவ உள்ள, நீ ஏதோ ஒரு டப்பாவுக்குள்ள. ஒரு நாள் ராத்திரி பக்கத்துல உக்காரணும்னு ஒருத்தி கேக்கறா, நீ கடைய யாரு பாத்துப்பாங்கற!"

நான் இரண்டு சட்டை மடித்துவிட்டேன்.

"எனக்கு அந்தப் பாட்டு புடிக்காதே" என்றான் கடைசியில்.

"புடிக்குதான்னு யாரு ஒன்னக் கேட்டா?"

டிக்கெட் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் விடுகிறவர்களும், மனம் மாறித் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. அந்த இருக்கைகள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் திரும்ப விற்பனைக்கு வரும். தொக்சு கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கிழட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டான். அதன் மெமரி கம்பெனி போட்ட எண்களோடு அப்படியே கிடந்தது. நாற்பதையும் நோண்டியவன் அதை மட்டும் மதித்ததே இல்லை. ஒற்றை இருக்கைகள் நிறைய வந்தன, நல்ல இடத்தில்கூட. விட்டுவிட்டான். ஒரு சாயங்காலம் ஏழாம் எண் நீலமாகி, பையன் "முதலாளி!" என்று கத்தினான். தொக்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேற சீட்டுல உக்காருப்பா" என்றான். நான் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில நாள் கழித்து இரண்டு வந்தன. கடைசி வரிசை. மேடையை மறைக்கிற தூணுக்குப் பின்னால். பக்கத்தில் பக்கத்தில். எடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றான். பரீட்சையில் தேறாத பையன் அம்மாவிடம் நிற்பதுபோல இருந்தது.

"கெடச்சிருச்சு. ஆனா தூணுக்குப் பின்னாடி. ஒண்ணும் தெரியாது."

ஹேரான் முட்டையை உடைத்து ஊற்றிவிட்டுத்தான் பேசினாள். "ரெண்டா?"

"ரெண்டு."

"கடைய யாரு பாத்துப்பா?"

"இவன்தான்" என்று என்னைக் காட்டினான். அந்தப் படுபாவி என்னைக் கேட்கவே இல்லை.

கச்சேரி நாள் சனிக்கிழமை, கடை நிரம்பி வழிகிற நாள். என் கடையைப் பூட்டிவிட்டு மாடியில் நின்றேன். நான் வைத்த ராம்யோனைப் பற்றி மாணவர்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது. இரண்டு மெஷின்கள் நீலமாயின. மூன்றாவது ஆனபோது போன் அடித்தது. தொக்சு. மெமரியைப் பற்றித்தான் கேட்பான், கேட்டால் கிழித்துவிடுவது என்று எடுத்தேன்.

"டேய்" என்றான் தாழ்ந்த குரலில். பின்னால் ஒரே பாட்டும் கூச்சலும். "அவ அழறாடா."

"எதுக்கு?"

"தெரியல. பாட்டுக்குத்தான் போல. தூணு மறைக்குது, ஆளு தெரியல, ஆனாலும் அழறா. நான் என்னடா பண்றது?"

"கையப் புடிடா மடையா!"

போனை வைக்கவும் மறந்துவிட்டான். அரங்கம் முழுவதும் சேர்ந்து பாடுவது கேட்டது. அதற்குள் பக்கத்திலேயே ஹேரானின் குரல், சுருதி கொஞ்சம் தப்பி. பிறகு இன்னொரு குரல், கட்டையாக. வார்த்தை தெரியாமல், அவள் வாயைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சொல் பிந்தி வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் ராம்யோன் பொங்கி வழிந்தது, யாரோ என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். பாட்டு முடிகிறவரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.